உயிர்ச்சத்து மாத்திரையும் இரத்தக் கொலஸ்ட்ரோலும்

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக இரத்தினபுரிக்குச் செல்லும் பெருவீதியில், இரத்தினபுரியை அடையுமுன் வருவது குருவிட்ட. குரு கங்கை பாயும் அப்பகுதியில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. அவற்றினிடையே தோட்டத்து லயங்களும் சிற்றூர்களும் அமைந்துள்ளன. கொலஸ்ட்ரோல் என்னும் சொல் இன்று அங்கே கொழுந்து பறிப்பவரும் பால் வெட்டுபவரும் அறிந்த சொல்லாகிவிட்டது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அச்சொல்லுக்கு எதிரே ஓர் எண் சற்று உயர்ந்திருக்கக் கண்டவர் அஞ்சுவது இயல்பு. அஞ்சியவரின் கண்ணில் முதலிற் படுவது பாமசியின் கண்ணாடி அலமாரியில் வண்ணப் போத்தல்களில் வீற்றிருக்கும் விற்றமின் மாத்திரை. மத்திய கிழக்கில் தொழில் புரியும் மகளோ மருமகனோ அன்போடு அனுப்பும் பொதியிலும் அது இருக்கக்கூடும். "விற்றமின்தானே, உடம்புக்கு நல்லதுதானே" என்று எண்ணி, வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதனை விழுங்குவோர் உளர். நோய் ஏதும் இல்லாதிருந்தும், வருமுன் காப்பதாகக் கருதி விழுங்குவோரும் உளர்.

இங்கு இரண்டு வினாக்கள் எழுகின்றன. உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் விற்றமின் மாத்திரை உட்கொள்வதால் அவருடைய இரத்தக் கொலஸ்ட்ரோல் குறையுமா என்பது முதல் வினா. குறையுமாயின், அதனால் அவர் இதயம் காக்கப்படுமா என்பது இரண்டாவது வினா. இவ்விரண்டும் ஒரே வினாவைப் போலத் தோன்றும். ஆயினும் இரண்டுக்கும் விடை வேறு. அந்த வேற்றுமையை அறிவதற்கு வைத்திய உலகுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் விற்றமின் என்பது யாதென நோக்குவோம். உடல் தன்னிற் போதியவாறு ஆக்கிக்கொள்ள இயலாததும், உணவிலிருந்து மிகச் சிறிய அளவிற் பெறவேண்டியதும், பெறாவிடில் நோய் விளைப்பதுமான பொருளே விற்றமின். தமிழில் அதனை உயிர்ச்சத்து என வழங்குகிறோம். 1912ஆம் ஆண்டில் காசிமிர் பங்க் என்னும் அறிஞர் இப்பொருள்களுக்குப் பொதுப்பெயர் சூட்டினார். பெயர் பிறப்பதற்கு முன்னரே அதன் ஆற்றலுக்குச் சான்று பகர்ந்தது, கடல் கடந்து சென்ற தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப்பானை.

இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தாற்போலவே தமிழகத்திலிருந்து மலாயா நாட்டுக்கும் தொழிலாளர் சென்றனர். அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி என்னும் நோயினால் மாண்டனர். கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிரைக் குடிக்கும் நோய் அது. ஆனால் அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. சீனர் உண்டது நன்கு தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டி, நோய்க்குக் காரணம் அரிசியே என்று வைத்தியர் பிராடன் 1907ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் வைத்தியர் பிளெச்சர், ஒரு சாராருக்குத் தீட்டிய அரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். முதற் சாராரிடையே பெரிபெரி தோன்றியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி-1 என்னும் உயிர்ச்சத்து நீரோடு அரிசியின் உள்ளே ஊறிச் செல்கிறது. பின்னர் தீட்டினாலும் முற்றாக நீங்குவதில்லை. நம் பாட்டிமார் நெல் அவித்தபோது இக்காரணத்தை அறிந்திலர். எனினும் அப்பழக்கம் ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தது.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளைத் தெளிவாக்குகிறது. உயிர்ச்சத்து இல்லாத இடத்தில் அதனைச் சேர்த்தால் வியத்தகு பயன் விளையும் என்பது ஒன்று. அப்பயன் குறையை நிரப்புவதனால் விளைந்த பயன் என்பது மற்றொன்று. வீதியிலுள்ள குழியை மண் இட்டு நிரப்பினால் வண்டி இடரின்றி ஓடும். குழி நிரம்பிய பின்னரும் மண்ணைக் கொட்டிக்கொண்டே போனால் வீதி மேலும் சிறப்பதில்லை, மேடுதான் உண்டாகும். நீரிற் கரையும் பி, சி ஆகிய உயிர்ச்சத்துகள் மிகுமாயின் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறுகின்றன. கொழுப்பிற் கரையும் ஏ, டி போன்றவை எளிதில் வெளியேறாமல் உடலிலேயே தங்கித் தீங்கு செய்யவும் வல்லன.

இனிக் கொலஸ்ட்ரோலைப் பார்ப்போம். பித்தக்கற்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மெழுகு போன்ற இப்பொருளுக்கு, பிரெஞ்சு வேதியியலறிஞர் செவ்ரல் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் பெயரிட்டார். பெயரைக் கேட்டதும் நஞ்சென நினைப்பவர் பலர். உண்மையில் கொலஸ்ட்ரோல் இன்றி நாம் வாழ இயலாது. உடலின் ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் அது இருக்கிறது; செரிமானத்துக்கு உதவும் பித்த அமிலமும், ஆண் பெண் இயக்குநீர்களும், வெயிலில் நம் தோல் ஆக்கிக்கொள்ளும் டி உயிர்ச்சத்தும் அதன் வழியாகவே உண்டாகின்றன. நமக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியை உடலே, சிறப்பாக ஈரலே, ஆக்கிக்கொள்கிறது.

கொழுப்பு நீரிற் கரையாதாகையால், இரத்தத்தில் அது புரதத்தோடு சேர்ந்த சிறு துணிக்கைகளில் ஏறிச் செல்கிறது. அவற்றுள் எல்.டி.எல். எனப்படும் துணிக்கைகள் மிகுந்து பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருந்தால், நாடிச் சுவரில் கொலஸ்ட்ரோல் படியும், குழாய் குறுகும், ஒரு நாள் அடைபடும். இத்துணிக்கைகளை இரத்தத்திலிருந்து பற்றி இழுத்துக்கொள்ளும் வாயில்கள் ஈரற் கலங்களில் உள்ளன. இவ்வுண்மையைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டைன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்களுக்கு 1985ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரம்பரையால் அவ்வாயில்கள் குறைந்திருந்தாலும், நிரம்பிய கொழுப்பை மிகுதியாக உண்பதால் அவை மந்தமடைந்தாலும், தைரொயிட் சுரப்பி சோர்வுற்றாலும் இரத்தத்தில் எல்.டி.எல். உயரும். உடல்நலமுள்ள ஒருவருக்குக் கொலஸ்ட்ரோல் உயர்வது உயிர்ச்சத்துப் பற்றாக்குறையினால் அன்று. ஆகவே உயிர்ச்சத்தை இட்டு நிரப்புவதனால் அது தணிவதற்கு நியாயமில்லை. இதுவே பொதுவிதி.

பொதுவிதிக்கு ஒரு விலக்கும் உண்டு. விற்றமின் மாத்திரை கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்ற நம்பிக்கைக்கு வேராக அமைந்தது அந்த விலக்கே.

பெலக்ரா என்பது தோல் கருகி வெடித்து, வயிறு கழிந்து, ஈற்றில் அறிவும் மயங்கும் ஒரு நோய். சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட தக்கண நாட்டு ஏழை மக்களிடையே அதனை ஆராய்ந்து, ஐதராபாத்தைச் சேர்ந்த வைத்திய அறிஞர் கோபாலனும் அவர் துணைவரும் 1960ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முடிவுகள் உலகப் புகழ் பெற்றவை. அந்நோயைத் தீர்க்கும் பொருள் நிக்கோட்டினிக் அமிலம் என்பது, 1937ஆம் ஆண்டில் எல்வேயம் என்னும் அமெரிக்க அறிஞரின் ஆய்வினால் புலப்பட்டது. பி தொகுதியைச் சேர்ந்த இவ்வுயிர்ச்சத்தை நயசின் எனவும் கூறுவர். பெயர் ஒத்திருப்பினும் புகையிலை நஞ்சோடு இதனை மயக்கிக்கொள்ளலாகாது.

கனடா நாட்டில் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆல்ட்சூல் என்பவர், ஹொபர், ஸ்டீபன் என்னும் இருவரோடு சேர்ந்து 1955ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டார். நிக்கோட்டினிக் அமிலத்தைக் கிராம் கணக்கில் உட்கொண்டோரின் இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் இறங்கியது என்பதே அச்செய்தி. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் தக்க மருந்து எதுவும் கையில் இல்லாத காலம் அது. ஆகையால் வைத்திய உலகம் அதனை ஆவலோடு வரவேற்றது. பிற நாடுகளிலும் ஆய்வுகள் நடந்தன. கொலஸ்ட்ரோல் குறைவது உண்மையென உறுதியாயிற்று.

எனினும் அளவைக் கவனித்தல் வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு உயிர்ச்சத்து என்ற முறையில் நாளொன்றுக்குத் தேவைப்படும் நயசின் ஏறத்தாழ 15 மில்லிகிராம். கொலஸ்ட்ரோலைக் குறைக்க வேண்டுவதோ 1500 முதல் 3000 மில்லிகிராம். அஃதாவது 100 மடங்கு முதல் 200 மடங்கு வரை. கறிக்கு ஒரு கரண்டி உப்பு வேண்டுமெனில், 100 கரண்டி உப்பு இட்டதனைக் கறி என்று யாரும் சொல்லார். பெலக்ராவைத் தீர்க்கும் உறவுப் பொருளான நிக்கோட்டினமைடு, கொலஸ்ட்ரோலைச் சிறிதும் குறைப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. உயிர்ச்சத்து என்ற வகையில் இரண்டும் ஒரே தொழிலைச் செய்கின்றன. கொலஸ்ட்ரோல் விடயத்தில் ஒன்று செயற்படுகிறது, மற்றது வாளாவிருக்கிறது. எனவே நிக்கோட்டினிக் அமிலம் கொலஸ்ட்ரோலைக் குறைத்தது உயிர்ச்சத்தாக நின்று அன்று. மருந்தாக மாறி நின்றே குறைத்தது. மருந்தாக மாறியபோது மருந்தின் தீங்குகளும் உடன் வந்தன. முகமும் மார்பும் தீப்பட்டாற்போற் சிவந்து அரிக்கும், ஈரல் பழுதுறும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், மூட்டு வாதம் மூளும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது.

இரண்டாவது வினாவுக்கு இனி வருவோம். எண் குறைந்தது, உயிர் காக்கப்பட்டதா? மாரடைப்புற்று மீண்ட 8,341 ஆண்களைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு பேராய்வு நடத்தப்பட்டு, 1975ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நயசின் பெற்றோரிடையே மீண்டும் மாரடைப்பு வருவது குறைந்தது. ஆனால் ஆய்வுக் காலத்தில் மரணம் குறையவில்லை. மேலும் பல ஆண்டுகள் கடந்து கணக்கெடுத்தபோது மரணமும் ஓரளவு குறைந்திருந்தது. நம்பிக்கை வளர்ந்தது.

இதற்கிடையே ஸ்டற்றின் என்னும் மருந்து வகை தோன்றியது. ஜப்பானிய அறிஞர் அக்கிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளே அதற்கு வழிகாட்டி. எல்.டி.எல். அளவை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைக்கும் ஸ்டற்றின், மாரடைப்பையும் மரணத்தையும் குறைப்பது பல ஆய்வுகளில் நிலைநாட்டப்பட்டது. அதனை உட்கொள்வோருக்கு நயசினையும் சேர்த்துக் கொடுத்தால் நன்மை கூடுமா என்று பின்னர் ஆராய்ந்தனர். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு, பயன் தென்படாமையால் 2011ஆம் ஆண்டில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் 25,673 பேரைக் கொண்டு நடந்த மற்றொன்றின் முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரத்தச் சீட்டில் எண்கள் அழகாக மாறியிருந்தன. மாரடைப்போ பாரிசவாதமோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மாறாக, நீரிழிவும் இரத்தக் கசிவும் தொற்றுநோயும் வயிற்றுக் கோளாறும் கூடின. சீட்டிலுள்ள எண்ணைத் திருத்துவது வேறு, அந்த எண்ணுக்கு உரியவரைக் காப்பது வேறு என்பதை இம்முடிவு உலகுக்கு உணர்த்தியது.

நயசினின் நிலை இதுவாயின் ஏனைய உயிர்ச்சத்துகளின் நிலை யாது? அவை கொலஸ்ட்ரோலை மருத்துவப் பயன் தரும் அளவுக்குக் குறைப்பதில்லை. இதயத்தை வேறு வழியிற் காக்குமோ என்று ஆராய்ந்த பேராய்வுகளும் நம்பிக்கை தரவில்லை. ஈ உயிர்ச்சத்தை 9,000க்கும் மேற்பட்டோருக்கு நான்கரை ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று, பயனில்லை. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடையே நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றோருக்கு நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் கூடியிருக்கக் கண்டு 1994ஆம் ஆண்டில் அறிஞர் திடுக்குற்றனர். ஐம்பது வயதை எட்டிய, பெரும்பாலும் நலமுள்ள அமெரிக்க ஆண் வைத்தியர் 14,641 பேர் பத்தாண்டுக்கு மேல் பல்விற்றமின் மாத்திரை பற்றிய ஆய்வில் பங்குகொண்டனர். அதனை உண்டவருக்கும் வெற்று மாத்திரை உண்டவருக்கும் மாரடைப்பு விடயத்தில் வேறுபாடு இல்லை என்பது 2012ஆம் ஆண்டு முடிவு. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க நோய்த்தடுப்புச் செயலணி, இதயநோயைத் தடுப்பதற்காக ஈ உயிர்ச்சத்தையோ பீட்டா கரோட்டினையோ உட்கொள்ள வேண்டாமென்று வெளிப்படையாகவே அறிவுறுத்தியது.

அப்படியாயின் நலமுள்ளவரின் கொலஸ்ட்ரோலைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. அதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. பேராசிரியை சாந்தி மெண்டிசும் அவர் குழுவினரும் நலமுள்ள இலங்கை இளைஞர் 25 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1989ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்கள் எட்டு வாரம் தேங்காயெண்ணெயையும், அடுத்த எட்டு வாரம் அதற்குப் பதிலாகச் சோளவெண்ணெயையும் உண்டனர். டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமாக இருந்த சராசரிக் கொலஸ்ட்ரோல் 146ஆக இறங்கியது. நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல். அளவும் உடன் இறங்கியது என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் மாத்திரை எதுவுமின்றி, சட்டியில் ஊற்றும் எண்ணெய் மாறியதனாலேயே இவ்வளவு மாற்றம் நிகழக்கூடும் என்பது அதனால் தெளிவாயிற்று.

இதனைக் கேட்டுத் தேங்காயைப் பகைக்க வேண்டியதில்லை. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சிறிதளவு சம்பல் வேறு. நாள்தோறும் எண்ணெயிற் பொரித்த பண்டமும் கெட்டியான முதற்பாலும் வேறு. பருப்பு, கடலை, பயறு, கீரை ஆகியவற்றிலுள்ள கரையும் நார், குடலில் பித்த அமிலத்தைப் பற்றி வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை மீண்டும் ஆக்குவதற்கு ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ரோலை எடுத்துக்கொள்கிறது. இறக்கம் சிறிதாயினும் உண்மையானது, தீங்கற்றது. புகைப்பதை விட்டொழித்தல் எந்தப் போத்தல் மாத்திரையையும் விட இதயத்துக்கு உறுதியான காப்பு. இவற்றுக்குப் பின்னரும் கொலஸ்ட்ரோல் உயர்ந்தே இருக்குமாயின் வைத்தியர் ஸ்டற்றின் தருவார். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் அம்மருந்தை நிறுத்திவிட்டு, கூலியிலிருந்து காசெடுத்து விற்றமின் போத்தல் வாங்குவது, கையிலுள்ள குடையை எறிந்துவிட்டு மழைக்கு விசிறி பிடிப்பதை ஒக்கும்.

உயிர்ச்சத்து மாத்திரை யாருக்குமே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. வேண்டியவர் குருவிட்டத் தோட்டங்களிலும் இருக்கின்றனர். கருவுற விரும்பும் பெண்ணுக்கு போலிக் அமிலம் இன்றியமையாதது. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் கருவுற்ற முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே அடித்தளம் கொள்கின்றன. கருவுற்றதை அறியுமுன்னரே அக்காலம் கழிந்துவிடலாம். முன்னர் இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரிடையே, போலிக் அமிலம் அக்குறை மீண்டும் வருவதை ஏறத்தாழ 70 வீதம் தடுத்தது என்பது 1991ஆம் ஆண்டில் நிலைநாட்டப்பட்டது. இரத்தசோகையுற்ற தாய்க்கு இரும்புச்சத்தும், முட்டை, பால், மீன் எதனையும் உண்ணாதவருக்கும் நீரிழிவுக்காக மெற்போமின் மருந்தை நெடுங்காலம் உட்கொள்பவருக்கும் வைத்தியர் சொற்படி பி-12 உயிர்ச்சத்தும் தேவைப்படலாம். 2016ஆம் ஆண்டுத் தேசியக் கணிப்பில், பெருந்தோட்டத்துறைச் சிறுவருள் பத்துக்கு மூவர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். முழு நாட்டிலும் அந்நிலை பத்துக்கு இருவரிலும் குறைவு. பெரியவர் ஒருவர் வீண் நம்பிக்கையால் வாங்கும் போத்தலின் விலை, அதே லயத்தில் வளரும் பிள்ளையின் தட்டில் முட்டையாகவோ நெத்தலியாகவோ பருப்பாகவோ விழுமாயின், அந்தக் காசு தன் கடமையைச் செய்ததாகும்.

மாத்திரை வாங்குவோர் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் நலம். 1971ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அரசாங்க மருந்தாக்கக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே, மருந்தை அதன் வணிகப் பெயரால் அன்றி உட்பொருளின் பெயரால் அறிய வேண்டுமென வலியுறுத்தினார். விற்றமின் போத்தலுக்கும் அவ்வறிவுரை பொருந்தும். முகப்பிலுள்ள பெயரைப் படிப்பதோடு நில்லாமல், உள்ளே என்ன பொருள், எத்தனை மில்லிகிராம் என்பதையும் படித்தல் வேண்டும். நயசின் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உளதெனில் அது மருந்து. வைத்தியரின் கண்காணிப்பின்றி உண்ணத்தக்கதன்று. ஏ உயிர்ச்சத்து மிகுந்த மாத்திரையைக் கர்ப்பிணி உண்டால் கருவுக்குக் கேடு. இரத்தம் உறையாதிருக்க வோபரின் என்னும் மருந்து உட்கொள்பவருக்கு ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் இடர் விளைக்கும். ஆகவே கிளினிக்குக்குச் செல்லும்போது, உறவினர் அனுப்பிய போத்தலையும் கையோடு கொண்டுசென்று வைத்தியரிடம் காட்டுவதே அறிவுடைமை.

முப்பத்தைந்து வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைச் சோதித்து ஆலோசனை கூறும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நாடெங்கும் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. அங்கே கட்டணமில்லை. ஒரு நாட் கூலி தவறுமே என்று தயங்குவோரும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் அப்படியை மிதித்தல் வேண்டும். தமக்கு உள்ள குறை இன்னதென்று அங்கே அறிந்துகொண்ட பின்னர், நிரப்ப வேண்டியதை நிரப்பலாம்; குறைக்க வேண்டியதைக் குறைக்கலாம்.